சிறு புண்தானே என்று விட்டுவிடலாமா?

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவனுடைய முழங்காலுக்குக் கீழே நாலைந்து சிரங்குகள். சொறிந்தான், நீர் வடிந்தது, பொருக்குத் தட்டியது. "சிரங்குதானே, தானாக உதிர்ந்துவிடும்" என்றார்கள் வீட்டில். அவ்வாறே உதிர்ந்தும் விட்டது. மூன்று வாரங்கள் சென்றன. ஒரு நாள் காலையில் அவன் எழுந்தபோது கண்ணிமைகள் வீங்கியிருந்தன. சிறுநீர் குறைவாகப் போயிற்று. அதுவும் காப்பி டிக்காஷனின் நிறத்தில். மருத்துவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி பெற்றோருக்கு வியப்பாக இருந்தது: "அண்மையில் பையனுக்குச் சிரங்கு ஏதாவது வந்திருந்ததா?"

சிறுவன் கற்பனை, நோய் கற்பனையன்று. காலில் வந்த சிரங்குக்கும் முகத்தில் வந்த வீக்கத்துக்கும் என்ன தொடர்பு? அதை அறிய வேண்டுமானால் முதலில் நம் தோலைப் பற்றியும், அதைத் தாக்கும் நுண்ணுயிர்களைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

உயிருள்ள மதில்

உங்கள் கையின் மேற்புறத்தை உற்றுப் பாருங்கள். நீங்கள் காண்பது பெரும்பாலும் இறந்த செல்களையே! தோலின் மிக மேலான அடுக்கு, கெராட்டின் என்னும் உறுதியான புரதம் நிறைந்த தட்டையான செல்களால் ஆனது. செங்கல் அடுக்கியதுபோல் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இடையிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சுண்ணாம்புக் காரைபோல் அவற்றை இணைக்கின்றன. உடலின் பெரும்பாலான இடங்களில் இந்த மதிலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். நீங்கள் எழுதும் தாளின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு!

இவ்வளவு மெல்லிய மதில் எப்படி நம்மைக் காக்கிறது? அது உலர்ந்திருக்கிறது; பாக்டீரியாக்களுக்கோ ஈரம் வேண்டும். அதன் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மை உடையது. மேலடுக்கு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே இருப்பதால், ஒட்டியிருக்கும் கிருமிகளும் உடன் உதிர்கின்றன. மேலும், தோலின்மீது எப்போதும் தீங்கற்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டு, புதிதாக வரும் கிருமிகளுக்கு விட்டுக்கொடுப்பதில்லை.

எதிரிகள் இருவர்

தோலில் சீழ் பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணமானவை இரண்டு பாக்டீரியாக்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1880ஆம் ஆண்டை ஒட்டி அவர் சீழ்க்கட்டிகளிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். உருண்டையான கிருமிகள் திராட்சைக் குலைபோல் கொத்துக்கொத்தாய்த் தெரிந்தன. கிரேக்க மொழியில் 'ஸ்டபிலே' என்றால் திராட்சைக் குலை. ஆகவே அவற்றுக்கு ஸ்டபிலோகாக்கஸ் என்று 1882இல் பெயரிட்டார். 1884இல் ஜெர்மானியரான ரோசன்பாக், இவற்றுள் ஒரு வகை பொன்னிறத் திட்டுகளாக வளர்வதைக் கண்டு 'ஆரியஸ்', அதாவது பொன்னிறமானது, என்று அதைக் குறித்தார்.

மற்றொன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ். இது மணிமாலைபோல் வரிசையாக இணைந்து வளரும். இரண்டுமே விட்டத்தில் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவினவை. ஆயிரம் கிருமிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்.

ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ண வேண்டா. ஏறத்தாழப் பத்துப் பேரில் மூன்று பேருடைய மூக்கினுள் எவ்விதத் தொல்லையும் தராமல் அது தங்கியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரலால் புண்ணைச் சொறிந்தால் போதும். கிருமி இடம் மாறிவிடும்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஏற்ற சூழலில் ஒரு பாக்டீரியா அரை மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதாகக் கொள்வோம. இரவு 9 மணிக்கு ஒன்று. 9:30க்கு இரண்டு. 10 மணிக்கு நான்கு. காலை 7 மணிக்கு? இருபது முறை இரட்டித்து 10,48,576 ஆகியிருக்கும்! உடலின் காவல் படையான வெள்ளையணுக்கள் இடையில் புகுந்து தடுப்பதால் உண்மையில் இவ்வளவு வேகமாக வளர முடிவதில்லை. ஆயினும் காலத்தின் மதிப்பு இந்தக் கணக்கிலிருந்து விளங்கும்.

மதிலில் ஓர் ஓட்டை

கிருமி எப்போதும் அருகில் இருக்கிறது என்றால், நமக்கு எப்போதும் சீழ் பிடிக்க வேண்டுமல்லவா? ஏன் பிடிப்பதில்லை? இலண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் 1957இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தருகிறது. உடல்நலமுள்ள தொண்டர்களின் தோலில் ஸ்டபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிக்கப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் தோலில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தபோது, சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன! அயற்பொருள் ஒன்று உள்ளே இருந்தால் உடலின் தற்காப்பு அந்த இடத்தில் அவ்வளவு தளர்ந்துவிடுகிறது.

முள்ளோ மண்ணோ கண்ணாடித் துணுக்கோ புண்ணுக்குள் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இப்போது புரிகிறதா? கபடி ஆடி முழங்கால் சிராய்த்தால் செய்ய வேண்டிய முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண் போகக் கழுவுவதே. புண்ணின்மேல் மண்ணையோ சாம்பலையோ சாணத்தையோ அப்புவது, எதிரிக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும்.

கிருமி நுழையும் வாயில்கள் இன்னும் பல. கொசுக்கடியைச் சொறிந்த இடம், வேர்க்குரு, பித்தவெடிப்பு, வயலில் இறங்குவோரின் கால் விரலிடுக்குகளில் வரும் சேற்றுப்புண் ஆகியவை சில. சொறியும் ஒரு பெரிய வாயில். அது பாக்டீரியாவால் வருவதன்று. தோலுக்குள் வளை தோண்டி வாழும் மிகச் சிறிய உண்ணியால் வருவது. இரவில் அரிப்பு மிகும், சொறிவோம், தோல் கிழியும், பாக்டீரியா புகும். 'சொறி சிரங்கு' என்று இரண்டையும் சேர்த்தே நம்மவர்கள் சொல்வது பொருத்தந்தான். பிஜித் தீவுகளில் 2012இல் தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு பகுதி மக்கள் அனைவருக்கும் சொறிக்கான ஐவர்மெக்டின் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. ஓராண்டில் சொறி 94 சதவீதம் குறைந்தது. பாக்டீரியாவுக்கு மருந்து கொடுக்காமலே சிரங்கும் 67 சதவீதம் குறைந்தது! மதிலில் ஓட்டை அடைபட்டது; எதிரி வெளியிலேயே நின்றுவிட்டான்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

பெரும்பாலும் கண்ணால் பார்த்தே மருத்துவர் நோயை அறிந்துவிடுவார். கிருமி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நோயின் தோற்றம் மாறும்.

மேல் தோலில் மட்டும் கிருமி பெருகினால் அது சிரங்கு. சிறு கொப்புளம் உடைந்து, தேன் உறைந்ததுபோல் மஞ்சள் நிறப் பொருக்குக் கட்டும். குழந்தைகளிடையே விரைவில் தொற்றும். மயிர்க்காலின் வழியே ஆழமாக இறங்கினால் கட்டி. கோடையில் வரும் வேனற்கட்டியும் இமையோரத்தில் வரும் கண்கட்டியும் இந்த இனத்தவை. நகக் கண்ணில் புகுந்தால் நகச்சுற்று. இன்னும் கீழே பரவினால், சிவந்து, சூடாகி, வீங்கி, வலித்து, காய்ச்சலும் வரும். இதை மருத்துவர்கள் செல்லுலைட்டிஸ் என்பர். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள நிணநீர் முடிச்சுகள் கிருமிகளை வடிகட்டிப் பிடிக்கும்போது வீங்குவதே நெறி கட்டுதல்.

தோலில் வருவன எல்லாம் பாக்டீரியாவின் வேலையல்ல. வட்டமாய்ப் பரவும் படர்தாமரை பூஞ்சையால் வருவது. அக்கி வைரஸால் வருவது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. பக்கத்து வீட்டில் மீந்த களிம்பை வாங்கிப் பூசுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து தெரியும்.

நோய் கடுமையாக இருந்தாலோ, மருந்துக்குக் கட்டுப்படாவிட்டாலோ சோதனைச்சாலையின் துணை தேவை. மலட்டுப் பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றுவர். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை இது. நாம் பேசும் இரண்டு கிருமிகளும் இச்சாயத்தில் ஊதா நிறமாகத் தெரியும். பிறகு, இரத்தம் கலந்த அகார் கூழில் கிருமியை 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு நாள் வளர்ப்பர். வளர்ந்ததில் சிறிது எடுத்து அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விடுவர். நுரை பொங்கினால் ஸ்டபிலோகாக்கஸ், பொங்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எவ்வளவு எளிய சோதனை!

அடுத்து, எந்த மருந்து பயன்படும் என்று பார்க்க வேண்டும். கிருமியைத் தட்டு முழுதும் பரப்பி, வெவ்வேறு மருந்துகள் தோய்த்த சிறு காகித வட்டங்களை அதன்மேல் வைப்பர். மருந்து கூழில் விரவிப் பரவும். நீரில் விட்ட மைத்துளி பரவுவதைப் போன்றதே இது. மையத்தில் செறிவு மிகுதி, விலகிச் செல்லச் செல்லக் குறைவு. கிருமி பணியும் மருந்தைச் சுற்றித் தெளிவான வட்டம் தோன்றும். அளவுகோலால் அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பர்.

கட்டியைப் பிதுக்காதீர்கள்!

பாஸ்கல் விதியை வகுப்பில் படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் பரவும். கட்டிக்குள் இருக்கும் சீழும் அடைபட்ட திரவமே. நீங்கள் பக்கவாட்டில் பிதுக்கினால் அழுத்தம் மேல்நோக்கி மட்டுமா போகும்? கீழ்நோக்கியும் போகும். அடியிலுள்ள மெல்லிய சுவர் உடைந்தால் கிருமிகள் ஆழத்துக்கும் இரத்தத்துக்கும் செல்லும். மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டிகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அப்பகுதி இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் சென்று மூளையை ஒட்டிய குழாய்களுடன் இணைகின்றன.

சிறு கட்டிக்கு, பொறுக்கத்தக்க வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் நாளுக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். இரத்த ஓட்டம் மிகும். கட்டி பழுத்துத் தானே உடையும். பெரிய கட்டியை மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவார். மருந்து மட்டும் போதாதா என்று கேட்கலாம். சீழ்க் குழிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. ஆதலால் இரத்தத்தில் வரும் மருந்து உள்ளே போதிய அளவு சேர்வதில்லை. சீழை வெளியேற்றுவதே அங்கு முதல் சிகிச்சை.

ஒரு காவலரின் கதை

இலண்டனில் 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் வளர்த்துக்கொண்டிருந்தது இதே ஸ்டபிலோகாக்கஸைத்தான். அத்தட்டில் தற்செயலாய் விழுந்த பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்தன. அதிலிருந்து பிறந்தது பெனிசிலின். அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கும் வேலையை ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி முதலியோர் செய்தனர்.

ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற 43 வயதுக் காவலர் அப்போது ஆக்ஸ்போர்டு மருத்துவமனையில் கிடந்தார். முகத்தில் ஏற்பட்ட ஒரு சிறு காயம்தான் தொடக்கம். ரோஜா முள் கீறியது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. போர்க்காலக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அவருடைய மகள் பின்னாளில் கூறினார். எதுவாயினும், காயத்தில் இரண்டு கிருமிகளும் புகுந்தன. முகமெங்கும் சீழ், ஒரு கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று, நுரையீரலும் கெட்டது. 1941 பிப்ரவரி 12ஆம் நாள் அவருக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரே நாளில் நலம் தெரிந்தது, காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது. ஆனால் மருந்தோ மிகக் கொஞ்சம். அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைக்கூடப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. எஞ்சியிருந்த கிருமிகள் மீண்டும் பெருகின. மார்ச் 15ஆம் நாள் அவர் இறந்தார்.

அவருக்கு மருந்து பாதியில் நின்றது, இல்லாமையால். இன்று மருந்து இருக்கிறது. நாமே பாதியில் நிறுத்திவிடுகிறோம்! தேவையில்லாதபோது சாப்பிடுவதும், மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடாமல் விடுவதும், மருந்துக்குப் பணியாத கிருமிகள் பெருக வழி செய்கின்றன. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஸ்டபிலோகாக்கஸ் விரைவிலேயே பெற்றுக்கொண்டது. அதை வெல்ல மெத்திசிலின் 1959இல் வந்தது. 1961இல் பிரிட்டனில் அதற்கும் பணியாத வகை தென்பட்டுவிட்டது. இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் அவ்வகை பரவியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸோ இன்றும் பெனிசிலினுக்குப் பணிகிறது. அது நமக்கு ஓர் ஆறுதல்.

சிரங்கு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் மருத்துவர் ஆன்டிபயாடிக் களிம்பு தருவார். பல இடங்களில் பரவியிருந்தால் மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். எது, எத்தனை நாள் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வாரம் கழித்து...

இப்போது நம் சிறுவனிடம் வருவோம். அவன் காலில் இருந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஒரு குறிப்பிட்ட வகை. அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. எதிர்ப்பொருளும் கிருமியின் பகுதிகளும் சேர்ந்த கூட்டுப் பொருள்கள் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளில் படிந்தன. வடிகட்டிகள் அழற்சியுற்றன. இரத்தம் சிறுநீரில் கசிந்தது, உப்பும் நீரும் உடலில் தங்கின, முகம் வீங்கியது, இரத்த அழுத்தம் ஏறியது. இதற்கெல்லாம் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். புண் ஆறிப்போய், எல்லாரும் அதை மறந்த பிறகே சிறுநீரகம் பேசுகிறது!

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரெட் லேக் என்ற செவ்விந்தியர் குடியிருப்பு உள்ளது. அங்கே 1953இலும் மீண்டும் 1966இலும் குழந்தைகளிடையே இந்தச் சிறுநீரக நோய் கொள்ளைநோய்போல் பரவியது. ஆராய்ந்தபோது, எண் 49 என்று குறிக்கப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையே காரணம் என்று தெரிந்தது. தோல் சிரங்கின் வழியே சிறுநீரகம் கெடலாம் என்பதை உலகுக்கு உணர்த்தியவற்றுள் ரெட் லேக் ஆய்வுகள் முக்கியமானவை.

அஞ்ச வேண்டா. சிரங்கு வந்த எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் தக்க கவனிப்பினால் முற்றும் குணமடைகின்றனர். ஆயினும், சிரங்கை உடனே குணப்படுத்தினால் அக்கிருமி தம்பிக்கும் தங்கைக்கும் வகுப்பினருக்கும் பரவாது என்பதை மறக்கக் கூடாது.

சோப்பு என்னும் மருந்து

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று எண்ணெயைப் பற்றும். மற்றொன்று நீரைப் பற்றும். கையில் படிந்த எண்ணெய்ப் பசையோடு கிருமிகளும் ஒட்டியிருக்கின்றன. சோப்பு அப்பசையைச் சிறு சிறு துளிகளாக்கிப் பெயர்க்கிறது. தண்ணீர் அடித்துச் செல்கிறது.

பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் 2002-2003இல் ஓராண்டு ஆய்வு நடந்தது. சில வீடுகளுக்குச் சாதாரண சோப்பும், சில வீடுகளுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வற்புறுத்தினர். சாதாரண சோப்பைப் பெற்ற வீடுகளில் 15 வயதுக்குட்பட்டோரிடம் சிரங்கு 34 சதவீதமும் வயிற்றுப்போக்கு 53 சதவீதமும் குறைந்தன. கிருமிநாசினி சோப்பினால் இதைவிடக் கூடுதலான பயன் கிடைக்கவில்லை. ஆகவே விலை உயர்ந்த சோப்பைத் தேட வேண்டியதில்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே முக்கியம்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சொறியும் நகமே கிருமியின் வாகனம். ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்த வேண்டா. சிரங்குள்ளவரின் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். புண்ணைக் கழுவி, சுத்தமான துணியால் மூடி வையுங்கள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். யானைக்கால் நோயுள்ளவர்கள் காலை நாள்தோறும் சோப்பால் கழுவித் துடைத்து வந்தால், அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் குறையும். அவையும் பெரும்பாலும் தோல் வெடிப்பில் புகும் பாக்டீரியாவால் வருவனவே.

எப்போது தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும்? காய்ச்சல் வந்தால், கண்ணருகிலோ மூக்கிலோ கட்டி வந்தால், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலேறினால், புண்ணின் தோற்றத்தைவிட வலி மிகக் கடுமையாக இருந்தால், சர்க்கரை நோயுள்ள தாத்தா, பாட்டி காலில் சிறு புண் வந்தாலும் கூட. சிவப்பு பரவுகிறதா என்று ஐயமிருந்தால், அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. அளந்து பார்ப்பதுதானே விஞ்ஞானம்!

அடுத்த முறை உங்கள் தம்பியின் காலில் தேன் நிறப் பொருக்கைக் கண்டால், "சிரங்குதானே" என்று சொல்லாதீர்கள். தண்ணீரும் சோப்பும் எடுத்துக் கழுவுங்கள். அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுமாறு அம்மாவிடம் சொல்லுங்கள். அங்கே செலவாகும் அரை மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் எதிரியை முந்திக்கொள்வதற்காகவே.